மொட்டு நிற்கவில்லை, மதினி

விளாங்குடி,
9.11.2025

அன்புள்ள மதினிக்கு,

சத்யா எழுதுகிறேன். இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது, மற்றபடி சுகம்தான். கோயம்புத்தூர்த் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொண்டதா? விடுதிச் சாப்பாடு வாயில் வைக்கும்படி இருக்கிறதா? தோள்வலி குறைந்ததா?

“யாருடி இப்பப் போயி கடுதாசி எழுதுறா” என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. என்ன செய்வது? கேஸ் முடிகிறவரை இரு வீட்டாரும் போனில் பேசக் கூடாது, வாட்ஸ்அப்பில் எதை அனுப்பினாலும் நாளைக்குக் கோர்ட்டில் காட்டுவார்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார். விருமாண்டி மாமா என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். போனில் பேச மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். கடிதத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. பதிலை என் பள்ளிக்கூட முகவரிக்கே அனுப்புங்கள்.

ஆகஸ்டில் நீங்களும் அண்ணனும் பிரிவதற்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் உங்கள் பேச்சே கிடையாது. பிப்ரவரியில் இன்னொரு கையெழுத்து, அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்கிறார் மாமா. நான் அதைப் பற்றி எழுத வரவில்லை. உங்கள் ஆர்கிட் செடிகளைப் பற்றி எழுதுகிறேன்.

மாடியில், உங்கள் அறைக் குளியலறைக்கு முன்னால் இருக்கும் சின்ன நடையில், கிழக்கு ஜன்னலோரம் நீங்கள் வைத்த இரும்பு அடுக்கிலேயே அவை இருக்கின்றன. வெள்ளைப் பூச் செடியில் இலைக்கு அடியிலிருந்து பச்சையாக ஒன்று முட்டிக்கொண்டு வந்தது. முதலில் வேர் என்றுதான் நினைத்தோம். இப்போது அது விரல் நீளத்துக்கு வளர்ந்து மேல்நோக்கித் திரும்பியிருக்கிறது. பூத்தண்டுதானே? ஊதாவிலும் ஒன்று வந்திருக்கிறது. போன வருஷம் நீங்கள் இருந்தீர்கள், தை பிறந்தபோது மாடி முழுக்கப் பூவாக இருந்தது. இந்த வருஷம் என்ன செய்ய வேண்டுமென்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. குளிர்காலம் முடிகிறவரை மொட்டைக் காப்பாற்ற என்ன செய்வீர்களோ அதை அப்படியே எழுதுங்கள்.

உங்கள்
சத்யப்ரியா


கோயம்புத்தூர்,
15.11.2025

அன்புள்ள சத்யாவுக்கு,

உன் கையெழுத்தைக் கண்டதும் உறையைக் கிழிக்கக்கூடத் தெம்பில்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். நான் நன்றாக இருக்கிறேன். ஆய்வகத்தில் நாளெல்லாம் கண்ணாடிப் புட்டிக்குள் நாற்று வளர்க்கிற வேலை. தோள்வலி அப்படியேதான் இருக்கிறது, பழகிவிட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பிள்ளைகளிடம் கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே.

நீ பார்த்தது பூத்தண்டுதான். இனிமேல்தான் கவனம் வேண்டும். தொட்டியில் இருக்கும் தேங்காய் மட்டைத் துண்டும் கரியும் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர் விடு. இலை நடுவில் தண்ணீர் தேங்கினால் துணியால் ஒற்றி எடு. வெயில் இலையில் நேராக விழாமல் வெள்ளைத் திரை போடு.

கார்த்திகை பிறந்துவிட்டால் கிழக்கு ஜன்னல் வழியாக விடியற்காலையில் ஒரு ஊதல் காற்று வரும். அது மொட்டில் பட்டால் இரண்டு நாளில் மஞ்சளாகி விழுந்துவிடும். அதனால் ஜன்னலை இரவிலும் காலையிலும் நன்றாகச் சாத்திவை. மேலே இருக்கிற சின்ன வென்டிலேட்டரையும் அட்டை வைத்து அடைத்துவிடு. வெயில் ஏறின பிறகு திறந்தால் போதும்.

இரண்டு தண்டு வந்திருக்கிறது என்பதைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
ரோகிணி


விளாங்குடி,
3.12.2025

அன்புள்ள மதினிக்கு,

எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த வீட்டில் எல்லோரும் என்றால் இரண்டே பேர். இருவரும் இருக்கிறோம். நீங்கள் எப்படி?

போன வாரம் இடி இறங்கியதில் மாடிக் குளியலறை ஹீட்டர் கருகிப்போனது. அண்ணன் கடைப் பக்கத்துக் கடையில் சொல்லி ஒரு கேஸ் கீசர் மாட்டினோம். சிலிண்டரும் உள்ளேயே மூலையில் நிற்கிறது. குழாயைத் திறந்ததும் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வருகிறது. நான் கீழேயே பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு ஓடுகிறவள், எனக்கு அது வேண்டியதில்லை.

செடிக்கு வருகிறேன். நீங்கள் சொன்னபடியே ஜன்னல் சாத்தியிருக்கிறது. வென்டிலேட்டரில் சாக்லேட் பெட்டி அட்டையை வெட்டிக் கச்சிதமாகப் பொருத்தியாகிவிட்டது. வெள்ளையில் பட்டாணி மாதிரி மொட்டுகள் வரிசையாகக் கட்டின. ஊதாவிலும் கட்டின. அப்புறம் போன வெள்ளிக்கிழமை அடியில் இருந்த மொட்டு மஞ்சளாகச் சுருங்கியது. தொட்டால் உள்ளே ஒன்றுமில்லாத மாதிரி அமுங்கியது. மறுநாள் காலையில் கீழே கிடந்தது. அதற்கு அடுத்ததும் இப்போது அதே மாதிரி ஆகிறது.

மொட்டு நிற்கவில்லை, மதினி. என்ன தப்பு நடக்கிறது? சீக்கிரம் எழுதுங்கள்.

சத்யா


கோயம்புத்தூர்,
9.12.2025

அன்புள்ள சத்யாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோருக்கும் சளி, எனக்கும் கொஞ்சம் இருக்கிறது, பயப்படாதே. நீ மப்ளர் கட்டாமல் வண்டியில் போகாதே.

மொட்டு விழுவதற்கு நான் நினைக்கிற காரணங்களை எழுதுகிறேன். பழம் பக்கத்தில் இருக்கிறதா? வாழைப்பழமோ கொய்யாவோ பழுக்கும்போது ஒரு வாயு வரும், நமக்குத் தெரியாது, மொட்டுக்குத் தெரியும். ஊதுபத்தி, சாம்பிராணிப் புகையும் அப்படித்தான். மாடியில் ஏற்றினால் கீழே கொண்டுபோய்விடு.

அதைவிட, காற்று காய்ந்துபோயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மழை நின்றதும் மதுரையில் உதடு வெடிக்கும், மொட்டுக்கும் அதே கதைதான். புதிதாகத்தான் வெந்நீர் வருகிறதே, அதைப் பயன்படுத்து. காலையில் குளியலறையில் வெந்நீரைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு, கதவைத் திறந்தே வை. ஆவி நடைக்கு வந்து செடிமேல் படரட்டும். அந்த நேரம் ஜன்னலைத் திறந்துவிடாதே, ஆவியெல்லாம் போய்விடும். அப்படியே ஈரத் துணியால் இலையைத் துடைத்துவிடு. பத்து நாளில் வித்தியாசம் தெரியும்.

மிச்சம் இருக்கிற மொட்டையாவது காப்பாற்ற வேண்டும். ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அன்புடன்,
ரோகிணி


விளாங்குடி,
23.12.2025

அன்புள்ள மதினிக்கு,

சளி விட்டதா? மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் குடியுங்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது, விடைத்தாள் கட்டு மேசையில் அப்படியே கிடக்கிறது. எடுக்க மனசு வரவில்லை.

கொய்யாக் கூடையைக் கீழே கொண்டுவந்துவிட்டேன். பத்தி இல்லை, சாம்பிராணி இல்லை. தினமும் காலையில் ஆவி பிடிக்கிறது. ஜன்னல் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிகிற அளவுக்குப் பிடிக்கிறது. ஆனாலும் மொட்டு முன்னைவிட வேகமாக விழுகிறது. ஊதாவில் ஒன்றுகூட மிச்சமில்லை. வெள்ளையில் நுனியில் இருப்பவற்றின் காம்பு மட்டும் இன்னும் பச்சையாக இருக்கிறது, அவை தாங்கலாம் என்று அண்ணன் சொன்னார்.

எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அண்ணனுக்கு உடம்பு சரியில்லை. காலையில் மாடியிலிருந்து இறங்கும்போதே தலையைப் பிடித்துக்கொண்டு வருகிறார். சில நாள் வாந்தி எடுக்கிறார். கடைக்குப் போய் நாலு மோட்டாருக்குக் கம்பி சுற்றி மதியம் ஆவதற்குள் சரியாகிவிடுகிறது. மறுநாள் காலையில் மறுபடியும் அதே. டாக்டர் பிரஷர் கொஞ்சம் கூட என்று மாத்திரை கொடுத்தார். கண்ணாடி மாற்றினோம். ஒன்றும் கேட்கவில்லை. தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மாமா வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ராத்திரி குடிச்சிப்புட்டுக் காலையில தலையப் பிடிக்கிறான். எனக்குத் தெரியாதாக்கும்? கையெழுத்து முடியட்டும், வேற பொண்ணப் பாப்போம், எல்லாம் சரியாப் போயிரும்” என்றார். அண்ணன் குடிப்பதில்லை, மதினி. நான் பக்கத்தில் போய் மோந்துகூடப் பார்த்துவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. தலைக்குள் ஏதாவது இருக்குமோ?

இதை எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சத்யா


கோயம்புத்தூர்,
27.12.2025

சத்யா,

சுகம் விசாரிக்க நேரமில்லை. ஸ்கேன் எடுத்தாகிவிட்டதா? முடிவு என்ன? நல்ல நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள், பக்கத்துத் தெரு கிளினிக்கில் நிறுத்திவிடாதீர்கள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. காம்பு பச்சையாக இருக்கிறது என்று அண்ணன் சொன்னதாக எழுதியிருக்கிறாய். முதல் கடிதத்தில் ‘வேர் என்றுதான் நினைத்தோம்’ என்று எழுதியிருந்தாய். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். செடியை யார் பார்க்கிறார்கள்?

திங்கட்கிழமை என்னைக் குன்னூருக்கு அனுப்புகிறார்கள். மலையில் பசுமைக்குடிலுக்குள் ஆர்கிட் வளர்ப்பது பற்றிப் பயிற்சி. அங்கே போனுக்கும் சரியாக சிக்னல் கிடைக்காதாம். பதிலை விடுதிக்கே போடு. ஒன்பதாம் தேதி வாக்கில் திரும்பிவிடுவேன்.

ரோகிணி


விளாங்குடி,
3.1.2026

அன்புள்ள மதினிக்கு,

குன்னூர்க் குளிரில் எப்படி இருக்கிறீர்களோ. இந்தக் கடிதம் உங்களுக்கு முன்னால் விடுதிக்குப் போய்ச் சேர்ந்து காத்திருக்கும்.

முதலில் நல்ல செய்தி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. தலை சுத்தமாக இருக்கிறது என்றார்கள். அன்றைக்கு நானும் அண்ணனும் திருப்தியாகப் புரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்தோம். ஆனால் வியாழக்கிழமை காலையில் மாடிப்படியில் சறுக்கி விழுந்துவிட்டார். கால் தானாக மடங்கியது என்கிறார். முட்டியில் காயம். தலைக்குள் ஒன்றுமில்லை என்றால் பிறகு ஏன் இப்படி?

செடியைப் பார்ப்பது அவர்தான். ஆரம்பத்திலிருந்தே அவர்தான். மதினிக்கு எழுதிக் கேளு என்று என்னை எழுதவைத்ததும் அவர்தான். ஆனால், “நான் கேட்டேன்னு எழுதாத. வாய்தா நேரத்துல வேற மாதிரி நெனச்சுக்குவா” என்றார். நீங்களும் அவரைப் பற்றி ஒரு வரி கேட்கவில்லை. அதனால் நான் பார்ப்பது போலவே எழுதிக்கொண்டு வந்தேன்.

உங்கள் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படிப்பார். அதில் உள்ளபடி செய்வார். காலையில் எழுந்ததும் ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெந்நீரைத் திறந்துவிடுவார். குளியலறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகத் துடைப்பார். முன்னெல்லாம் கொஞ்ச நேரம்தான். மொட்டு விழ விழ, ஆவி பற்றவில்லை என்று இப்போது நெடுநேரம் உட்காருகிறார். நான் கூப்பிட்டால், “இந்தா வாரேன்” என்பார், வரமாட்டார். வரும்போது முகமெல்லாம் சிவந்து, பேச்சு கொஞ்சம் குழறுகிறது. நான் ஒருநாள் அங்கே பத்து நிமிஷம் நின்றேன், எனக்கே தலை கிர்ரென்றது. வெந்நீர்ப் புழுக்கம்தான் ஆகவில்லை போலிருக்கிறது.

நீங்கள் சொன்னால் கேட்பார். செடி போனால் போகட்டும், இப்படி உட்காராதே என்று ஒரு வரி எழுதுங்கள்.

சத்யா


விளாங்குடி,
16.1.2026

அன்புள்ள மதினிக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? இங்கே வந்துபோன அந்த இரண்டு நாளும் நீங்கள் ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். பொங்கல் எங்களுக்கு ஆஸ்பத்திரியில்தான் போனது. நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம். அண்ணன் எழுந்து நடக்கிறார்.

போனில் நான் அழுததைத் தவிர எதையும் சொல்லவில்லை. நீங்கள் வந்தபோதும் மாமா பக்கத்திலேயே இருந்ததால் பேச முடியவில்லை. என்ன நடந்தது என்று உங்களுக்கு முழுதாகத் தெரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலையில் நான் கீழே அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். போனில் உங்கள் பெயர். சத்தியம் ஞாபகத்துக்கு வந்து கையை இழுத்துக்கொண்டேன். ஒரு தடவை அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்த பிறகுதான் எடுத்தேன்.

“சத்யா, அவரு எங்க?”

“மாடியில மதினி. செடிகிட்ட.”

“கீசரு ஓடுதா?”

“ஓடும். ஏன் மதினி?”

“ஓடு. ஜன்னலத் திற. அவர வெளிய இழு. அந்த கீசருதான்டி. ஓடுடி.”

போனைப் போட்டுவிட்டு ஓடினேன். முக்காலி சாய்ந்து கிடந்தது. அண்ணன் குளியலறை நிலைப்படியில் குப்புறக் கிடந்தார். ஈரத்துணி கையில் அப்படியே இருந்தது. முகம் நன்றாகச் சிவந்திருந்தது, அதைப் பார்த்து உயிர் இருக்கிறது என்று நினைத்தேன். அது நல்ல சிவப்பு இல்லை என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். வெந்நீர் கொட்டிக்கொண்டே இருந்தது. கீசரை அமர்த்தினேன். ஜன்னல் ஆவியில் உப்பிப்போய்த் திறக்கவில்லை. முக்காலியால் அடித்துக் கண்ணாடியை உடைத்தேன். அவர் அக்குளில் கைகொடுத்து இழுத்தால் அசையவில்லை. எப்படி இழுத்தேன் என்று தெரியாது, அறை வாசல்வரை இழுத்துவந்துவிட்டேன். அங்கிருந்து, “சிவபாண்டி அண்ணே, கொஞ்சம் வாங்கண்ணே” என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்ட கையோடு ஓடிவந்தார்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் மாஸ்க்கை மாட்டி ஆக்சிஜன் வைத்தார்கள். கேஸ் கீசர்தான் என்று நான் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “யார் சொன்னா?” என்றார். அடைத்த இடத்தில் கேஸ் எரிந்தால் அங்கே இருக்கிற காற்றைத் தின்றுவிட்டு விஷ வாயுவைக் கக்கும், அதற்கு வாசனையே கிடையாது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது என்றார். “இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா கஷ்டம்மா” என்றார். நான் போனை எடுக்காமல் நின்ற அந்த நேரத்தைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

சாயங்காலம் நீங்கள் வந்தபோது மாமா ஆஸ்பத்திரி வாசலில் நின்று, “கையெழுத்துப் போட்டவளுக்கு இங்க என்ன சோலி?” என்றார். மே மாதம் எங்கள் அம்மா செத்தபோதும் இதே ஆள் நம் வீட்டு வாசலில், “நாலு மாசமாப் படுத்துக் கெடந்தவளப் பாக்காம வேல முக்கியம்னு போனவ, பொணத்தப் பாக்க மட்டும் எதுக்கு வந்தா” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றைக்கு அண்ணன் பக்கத்தில் நின்றும் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் பிரிய வேண்டுமென்று வக்கீலிடம் போனது வேலைக்காக இல்லை, அந்த மௌனத்துக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை அவருக்கு நினைவே இல்லை. நான் இருந்தேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

நீங்கள் படிக்கட்டிலேயே இரவைக் கழித்துவிட்டு, விடிந்ததும் கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள். அதற்குக் கொஞ்ச நேரத்தில் அண்ணன் கண் திறந்தார். மதியம் பேச்சு வந்தது.

“யாரு சொல்லி மேல வந்த?” என்று கேட்டார்.

“மதினி போன் பண்ணாங்க. நேத்து வந்துட்டு, காலையிலதான் போனாங்க.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம், “சாப்ட்டாளா?” என்று கேட்டார்.

“சாப்ட்டாங்க” என்றேன்.

சத்யா


கோயம்புத்தூர்,
20.1.2026

அன்புள்ள சத்யாவுக்கு,

அவர் எழுந்து நடக்கிறார் என்ற வரியைப் படித்த பிறகுதான் நான் உட்கார்ந்தேன். தலைவலி திரும்ப வருகிறதா? ஞாபகம் சரியாக இருக்கிறதா? சில வாரம் கழித்துக்கூடக் குழப்பம் வரலாம் என்று இங்கே ஒருவர் சொன்னார். கவனித்துக்கொண்டே இரு.

போனை எடுக்கத் தாமதித்ததை நினைத்து நீ வருந்தாதே. வருந்த வேண்டியவள் நான்.

குன்னூரில் பசுமைக்குடிலைச் சூடாக்கக் கேஸ் அடுப்பு வைத்திருந்தார்கள். அதன் புகைக்குழாய் கூரை வழியாக வெளியே போனது. குழாய் அடைத்துக்கொண்டால் முதலில் மொட்டு உதிரும், அதையும் கவனிக்காவிட்டால் உள்ளே வேலை செய்கிறவர்களுக்குத் தலை வலிக்கும் என்று சொன்னார்கள். எல்லோரையும் போல நானும் தலையாட்டிக்கொண்டு கேட்டேன். சனிக்கிழமை காலையில் விடுதிக்கு வந்து பையைக்கூட இறக்கி வைக்காமல் உன் கடிதத்தைப் பிரித்தேன். ‘முகமெல்லாம் சிவந்து’ என்ற இடத்துக்கு வந்ததும் அவர்கள் சொன்னது ஞாபகம் வந்து போனை எடுத்தேன்.

டிசம்பர்க் கடிதத்தில் கேஸ் கீசர் என்று தெளிவாக எழுதியிருந்தாய். சிலிண்டர் உள்ளே இருக்கிறது என்றுகூட எழுதியிருந்தாய். நான் அந்த வரியைத் தாண்டிப் போய் மொட்டைத்தான் படித்தேன். ஜன்னலைச் சாத்தச் சொன்னது நான். வென்டிலேட்டரை அடைக்கச் சொன்னது நான். வெந்நீரைத் திறந்துவிடச் சொன்னதும் நான்தான். செடி செத்துவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றாக யோசித்து எழுதி, ஓர் ஆளை அந்த அறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். அங்கே உட்கார்ந்திருப்பது யார் என்று எனக்குத் தெரியாது. தெரியாதது ஒரு சாக்கு இல்லை. உன்னையே கொன்றிருப்பேன்.

இனிமேல் செடியைப் பற்றி எனக்கு எழுதாதே. எல்லாத் தொட்டியையும் தூக்கி மொட்டை மாடியில் வை. வெயிலில் காயட்டும். பிப்ரவரி பதினொன்றாம் தேதி வாய்தாவுக்கு வருவேன். அவ்வளவுதான்.

ரோகிணி


விளாங்குடி,
27.1.2026

ரோகிணிக்கு,

பாண்டியராஜன் எழுதுவது. நலமாக இருக்கிறேன். நீயும் நலம் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, கடைத் தாளில் எழுதுகிறேன், தப்பு இருந்தால் விட்டுவிடு.

தலைவலி போய்விட்டது. கை மட்டும் கொஞ்சம் நடுங்குகிறது. மெல்லிய கம்பி சுற்ற வரவில்லை, பெரிய மோட்டார் சுற்றுகிறேன். சத்யா தினமும் காலையில் என்ன கிழமை, என்ன தேதி என்று கேட்டுச் சோதிக்கிறாள். நீ எழுதியதால்தான் என்று சொன்னாள்.

உன் கடிதத்தையும் காட்டினாள். கீசர் மாட்ட வந்தவர் வெளிச்சுவரில் ஓட்டை போட்டுப் புகைக்குழாய் விடச் சொன்னார். சுவர் பாழாகும், அப்புறம் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டேன். இது நீ ஊரிலிருந்து பார்க்கக்கூடிய விஷயம் இல்லை. அதனால் நீ கொன்றாய், பூட்டினாய் என்றெல்லாம் எழுதாதே. படிக்க நன்றாக இல்லை. கீசரைக் கழற்றிக் கொடுத்தாகிவிட்டது.

செடியை வெயிலில் வைக்கவில்லை. சத்யா உடைத்த ஜன்னலுக்கு இன்னும் கண்ணாடி போடவில்லை, வலை மட்டும் அடித்திருக்கிறேன். காற்று வருகிறது. வெள்ளையின் நுனியில் மிஞ்சிய மொட்டுகள் அதற்குப் பிறகு விழவில்லை. பருத்துக்கொண்டு வருகின்றன. ஒன்று லேசாக வாய் பிளந்திருக்கிறது.

பேச்சுவார்த்தையில் உன் நகை, பாத்திரத்தோடு இந்தச் செடிகளையும் வாய்தா அன்று கோர்ட் வாசலில் ஒப்படைப்பது என்று பேசினார்கள். வெறுங்குச்சியாக உன் கையில் கொடுக்க எனக்கு மனசில்லை. அதற்காகத்தான் பார்த்தேன். வேறு எதையும் நினைத்துச் செய்யவில்லை.

மேலே கடைசியாக எழுதிய வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அது உண்மை இல்லை. காலையில் அங்கே உட்கார்ந்து துடைக்கும்போது உன்னிடம் பேசுகிற மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் மட்டும் எனக்குப் பேச வந்தது.

ஒன்று கேட்க வேண்டும். சிவபாண்டி ஆட்டோ கேட்டிருக்கிறேன். மெதுவாக ஓட்டி வந்தால் மொட்டு கோர்ட்வரைக்கும் தாங்குமா?

பாண்டியராஜன்


கோயம்புத்தூர்,
31.1.2026

உங்களுக்கு,

என்ன சொல்லி அழைப்பது என்று தெரியவில்லை, அதனால் அந்த இடத்தை விட்டுவிட்டேன். உங்கள் உடம்பு தேறி வருவது தெரிந்து நிம்மதி. கை நடுக்கம் நிற்கிறவரை கரண்டில் கை வைக்காதீர்கள்.

தாங்காது. மொட்டு விரிகிற நேரத்தில் ஆட்டோவில் ஏற்றி, கோர்ட் வாசல் வெயிலில் வைத்தால் அன்றைக்கு மாலையே எல்லாம் வாடிவிடும். அதனால் கொண்டுவர வேண்டாம்.

உங்கள் கடிதத்தை நான் பல தடவை படித்தேன். எட்டு வருஷத்தில் நீங்கள் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. வக்கீலிடம் சொல்லி வேறு தேதி கேட்கச் சொல்லியிருக்கிறேன். பதினொன்றாம் தேதி நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. அதற்கு மேல் என்ன என்று எனக்கே தெரியாது. நீங்களும் ஒன்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். என் வேலை இங்கேதான். அதை விடமாட்டேன்.

வருகிற சனிக்கிழமை வீட்டுக்கு வந்து செடியைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் ஒன்று. நான் வருகிறேன் என்பதை விருமாண்டி மாமாவிடம் சத்யா சொல்லக் கூடாது. நானும் சொல்லமாட்டேன். நீங்கள் சொல்ல வேண்டும், உங்கள் வாயால், அவர் முகத்துக்கு நேராக. அவர் சம்மதித்தாரா, கத்தினாரா என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி எழுதினால் போதும். அது வந்து சேர்ந்தால் கிளம்புவேன்.

சத்யாவுக்கு என் அன்பு.

ரோகிணி


விளாங்குடி,
3.2.2026

ரோகிணிக்கு,

சுகம். இன்று காலை மாமா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். கிளம்பு. சனிக்கிழமை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

பாண்டியராஜன்